சாய்ந்த எம், நிமிர்ந்த எம்

ஒரே நிறையுள்ள இரண்டு குண்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கயிற்றில் தொங்கவிடுங்கள். மேல் கயிற்றின் இழுவிசை எவ்வளவு? பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை யோசிக்காமல் எழுதிவிடும்: 2 எம்ஜி. எம் என்பது ஒரு குண்டின் நிறை, ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம். சரியான விடை.

அந்த விடையை மட்டும் கத்தரித்து எடுத்துப்போய் மருந்துக்கடைக்காரரிடம் காட்டுங்கள். அவரும் யோசிக்காமல் படிப்பார்: 2 மில்லிகிராம். அவர் படித்ததும் சரிதான்.

அச்சில் இந்தக் குழப்பத்துக்கு ஒரு தீர்வு உண்டு. நிறையையும் முடுக்கத்தையும் குறிக்கிற எழுத்துகள் வலப்பக்கம் சாய்ந்து நிற்கும். மில்லிகிராமைக் குறிக்கிற எழுத்துகள் நிமிர்ந்து நிற்கும். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் இதைப் பற்றி ஆளுக்கொரு விதமாகப் பேசுகிறார்கள். கணக்கு என்றால் எல்லா எழுத்தும் சாய்ந்திருக்க வேண்டும் என்பார் ஒருவர். சர்வதேசத் தரம் வகுக்கும் ஐஎஸ்ஓவின் எழுத்துரு என்று ஒன்று இருக்கிறது, அதை இறக்கிக்கொண்டால் போதும் என்பார் இன்னொருவர். லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் அடித்தால் எல்லாம் தரப்படி தானாக வந்துவிடும் என்பார் மூன்றாமவர். மூன்றுமே தவறு. முதல் தவறை நானே செய்திருக்கிறேன். ஒரு கையேட்டுக்கு அச்சுக்கோத்தபோது சூத்திரங்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோலையும் ஐயையும் சேர்த்து அமுக்கினேன். கிலோகிராம், மீட்டர், சைன், லாக் எல்லாம் காற்றடித்த நாற்று மாதிரி ஒரே பக்கம் சாய்ந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

படிக்கும் முன் ஒன்று. இந்தக் கட்டுரையில் ஆங்கில எழுத்துகளின் பெயரைத்தான் எழுதப்போகிறேன். வாயால் சொன்னால் எல்லா எம்மும் ஒரே எம்தான், சாய்வு காதில் விழாது. எது சாய்ந்தது, எது நிமிர்ந்தது என்று அந்தந்த இடத்தில் நானே சொல்லிவிடுகிறேன்.

## ஆற்றில் கால், ஆறில் கால்

ஆறு என்ற சொல்லைத் தனியாக எழுதினால் அது எண்ணா, நதியா என்று தெரியாது. வேற்றுமை உருபு சேர்ந்ததும் தெரிந்துவிடும். நதி என்றால் ஆற்றில். எண் என்றால் ஆறில். ஆற்றில் கால் என்றால் நனைகிறது. ஆறில் கால் என்றால் ஒன்றரை. எழுத்துகள் ஏறக்குறைய அதேதான், ஆனால் சொல் எடுத்துக்கொண்ட வடிவம் எந்த ஆறு என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது.

சூத்திரத்துக்கு இந்த வசதி கிடையாது. அதில் உருபும் இல்லை, வினைச்சொல்லும் இல்லை. கையில் இருப்பதோ 26 லத்தீன் எழுத்துகள், பெரியது சின்னது சேர்த்து 52. கிரேக்கத்தையும் கூட்டிக்கொண்டால் நூறு தேறும், அதிலும் சில கிரேக்கப் பெரிய எழுத்துகள் லத்தீனின் அச்சு அசல் நகல். பெயர் வைக்க வேண்டியவையோ ஆயிரக்கணக்கில். அதனால் ஒவ்வொரு எழுத்தும் இரண்டு மூன்று வேலை பார்க்கிறது. எந்த வேலையில் இருக்கிறது என்று காட்டுகிற உருபுதான் சாய்வு.

இங்கே இரண்டு சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். இயற்பியல் அளவு என்பது நாம் அளக்கிற ஒன்று: நிறை, நேரம், வெப்பநிலை, மின்னழுத்தம். அதன் மதிப்பு ஓர் எண்ணும் ஓர் அலகும் சேர்ந்தது. அலகு என்பது அளக்க நாம் வைத்துக்கொண்ட படி: மீட்டர், வினாடி, வோல்ட். அளவின் எழுத்து சாயும், அலகின் எழுத்து நிமிரும்.

சாய்ந்த எம் நிறை, நிமிர்ந்த எம் மீட்டர். சாய்ந்த பெரிய ஏ பரப்பு, நிமிர்ந்தால் ஆம்பியர். சாய்ந்த டபிள்யூ வேலை, நிமிர்ந்தால் வாட். சாய்ந்த எச் பிளாங்க் மாறிலி, நிமிர்ந்தால் மணிநேரம். சாய்ந்த கே போல்ட்ஸ்மான் மாறிலி, நிமிர்ந்தால் கிலோ. வி இன்னும் மோசம். சாய்ந்த பெரிய வி கன அளவாக இருக்கலாம், மின்னழுத்தமாகவும் இருக்கலாம். அலகாக வரும் நிமிர்ந்த வி எப்போதும் வோல்ட்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: சாய்வு அலங்காரம் இல்லை. ஒரே எழுத்தின் இரண்டு வேலைகளைப் பிரித்துக் காட்டுகிற அடையாளம் அது.

## வாடகை வீடும் சொந்தப் பெயரும்

அலகை விட்டுவிட்டுக் கணிதத்துக்குள் போனாலும் இதே யோசனைதான். எக்ஸ் என்ற மாறி ஒரு வாடகை வீடு. இன்று அதில் 3 குடியிருக்கும், நாளை 7 வரும். இப்படி மதிப்பு வந்து குடியேறக் காத்திருக்கிற எழுத்துகள் எல்லாம் சாயும். சைன் என்பதோ ஒரு குறிப்பிட்ட சார்பின் சொந்தப் பெயர். அதில் யாரும் குடியேற முடியாது. அதனால் அது நிமிரும். லாக், காஸ், டேன் எல்லாமே அப்படித்தான். எண்களும் நிமிர்ந்தே நிற்கும். 7 எப்போதும் 7தான்.

சைன் நிமிர்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கணிதத்தில் இரண்டு எழுத்துகள் ஒட்டி நின்றால் பெருக்கல் என்று அர்த்தம். எஸ், ஐ, என் மூன்றும் சாய்ந்து வரிசையாக நின்றால் மூன்று மாறிகளின் பெருக்கற்பலன் என்றுதான் படிக்க வேண்டும். நிமிர்த்திவிட்டால் மூன்று எழுத்தும் சேர்ந்து ஒரே பெயர் ஆகிவிடுகிறது. மாணவர்களின் ஆய்வேடுகளில் நான் அதிகம் பார்க்கும் பிழை இதுதான். வேடிக்கை என்னவென்றால், பார்த்தவுடன் ஏதோ சரியில்லை என்று எல்லோருக்கும் தோன்றும், என்ன என்றுதான் சொல்லத் தெரியாது.

எஃப் போன்ற பொதுவான சார்பு சாயும், ஏனென்றால் எந்தச் சார்பும் அங்கே வந்து உட்காரலாம். வெக்டர் என்பது அளவோடு திசையும் உள்ளது. அதைத் தடித்த சாய்வெழுத்தில் போடலாம், அல்லது சாய்ந்த எழுத்தின் தலைக்குமேல் ஓர் அம்பு போடலாம். டென்சர் என்று வெக்டருக்கு அண்ணன் ஒன்று உண்டு. அதற்கு முனைக்கோடுகள் இல்லாத, தடித்த, சாய்ந்த எழுத்து. டென்சர் என்றால் என்ன என்பதை இங்கே விட்டுவிடலாம்.

## மாறாதது ஏன் சாய்கிறது?

மாறுவது சாயும், மாறாதது நிமிரும் என்று இப்போது ஒருவர் முடிவு கட்டிவிடலாம். அங்கேதான் சறுக்கும். ஒளியின் வேகத்தைவிட மாறாத ஒன்று வேண்டுமா? வெற்றிடத்தில் வினாடிக்கு 299 792 458 மீட்டர், 1983 முதல் அதை வைத்துத்தான் மீட்டரையே வரையறுக்கிறார்கள். ஆனாலும் அதன் எழுத்தான சி சாய்ந்துதான் நிற்க வேண்டும். பை மட்டும் நிமிர்ந்து நிற்கலாமாம். இது என்ன நியாயம்?

நியாயம் இருக்கிறது. ஒளியின் வேகம் ஓர் இயற்பியல் அளவு. அலகை மாற்றினால் எண் மாறும். மீட்டரில் சொன்னால் கிட்டத்தட்ட 30 கோடி, கிலோமீட்டரில் சொன்னால் 3 லட்சம், ஆண்டுக்கு எத்தனை ஒளியாண்டு என்று கேட்டால் வெறும் 1. பைக்கு இந்த விளையாட்டு கிடையாது. வட்டத்தை அடியில் அளந்தாலும் முழத்தில் அளந்தாலும் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் 3.14159 என்றுதான் தொடங்கும். அது வெறும் எண், 7 மாதிரி. 7 நிமிர்ந்து நிற்கிறது என்றால் பையும் நிமிர வேண்டும்.

இந்த விதியின் அருமை தெரிய வேண்டுமானால் இ என்ற எழுத்தைப் பார்க்க வேண்டும். நிமிர்ந்த இ, 2.718 என்று தொடங்கும் ஆய்லர் எண். சாய்ந்த இ, ஒரு புரோட்டானின் மின்னூட்ட அளவு: 1.602176634 × 10⁻¹⁹ கூலோம். அதற்கு மதிப்பும் அலகும் இருப்பதால் சாய்கிறது. அப்புறம் மூன்றாவதாக ஓர் இ. எலக்ட்ரான் என்ற துகளின் பெயர், வலத் தோளில் ஒரு கழித்தல் குறியோடு வரும். பெயர் என்பதால் நிமிர்கிறது. குறைகடத்தி பற்றிய பாடத்தில் ஒரே வரியில் ஆய்லர் எண்ணின் அடுக்கில் மின்னூட்டம் ஏறி உட்கார்ந்திருக்கும். இ-யின் அடுக்கில் இ. சாய்வு இல்லாவிட்டால் அந்த வரியைப் படிக்கவே முடியாது.

சாய்வு எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். பெரிய சி சாய்ந்தால் மின்தேக்குத்திறன். நிமிர்ந்தால் கூலோம், கார்பன் தனிமம் இரண்டுமே. தனிமங்களின் குறியீடுகளும் பெயர்கள்தானே, அவையும் நிமிரும். அங்கே இடம் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

## கீழே தொங்கும் சின்ன எழுத்து

கீழ்க்குறி என்பது ஓர் எழுத்தின் காலடியில் சின்னதாக வருவது. அதற்கும் இதே விதிதான் என்பதைப் பெரும்பாலானவர்கள் கவனிப்பதில்லை. இயக்க ஆற்றலுக்குப் பெரிய இ-யின் கீழே கே போடுகிறோம். இயக்கம் என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து அது, வெறும் ஒட்டுச்சீட்டு. எனவே கே நிமிரும். மாறா அழுத்தத்தில் வெப்ப ஏற்புத்திறனுக்கு சி-யின் கீழே பி போடுகிறோம். அந்த பி அழுத்தம் என்ற இயற்பியல் அளவே. எனவே அது சாயும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே போகிற கீழ்க்குறி ஐ சாயும். உள்ளீடு என்பதைக் குறிக்கும் ஐஎன் நிமிரும்.

ஒரு பாடநூலின் தரத்தை அவசரமாகப் பார்க்க வேண்டுமென்றால் நான் கீழ்க்குறிகளைத்தான் பார்ப்பேன். வாசலைக் கழுவிக் கோலம் போட்டவர் எல்லோரும் கொல்லைப்புறத்தையும் கழுவியிருப்பார் என்று சொல்ல முடியாது.

## இதையெல்லாம் சொன்னது யார்?

ஐஎஸ்ஓ எனப்படும் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பின் 80000 என்ற வரிசையில், இரண்டாம் பகுதி கணிதக் குறியீடுகளுக்கானது. 2009இல் வந்தது, 2019இல் திருத்தினார்கள். அதற்கு முன் 31 என்ற வரிசையின் 11ஆம் பகுதியாக இருந்தது. அலகுகளை எப்படி எழுதுவது என்பதற்கு பாரிஸ் அருகே செவ்ரில் இருக்கும் சர்வதேச எடைகள் மற்றும் அளவைகள் அலுவலகம் வெளியிடும் கையேடு உண்டு. சர்வதேச இயற்பியல் ஒன்றியமும் வேதியியல் ஒன்றியமும் தங்கள் துறைகளுக்குக் கையேடு வைத்திருக்கின்றன. சாய்வு, நிமிர்வு விஷயத்தில் இவை பெரிதும் ஒரே குரலில்தான் பேசுகின்றன.

இவை எதிலும் இன்ன எழுத்துருவைப் பயன்படுத்து என்று இல்லை. டைம்ஸ் நியூ ரோமனா, கேம்பிரியாவா என்பது உங்கள் பாடு. எழுத்து எப்படி நிற்க வேண்டும் என்று மட்டும்தான் தரம் சொல்கிறது. மீறினால் யாரும் வந்து பிடிக்கப்போவதும் இல்லை. இயற்பியல், வேதியியல், பொறியியல் பக்கம் ஓரளவு மதிக்கிறார்கள். கணிதத் துறையில் பலர் கண்டுகொள்வதே இல்லை. ஆய்லர் எண்ணையும், கற்பனை எண்ணின் ஐயையும், வகையீட்டில் மாறிக்கு முன்னால் வரும் சின்ன எழுத்தையும் சாய்த்தே எழுதிப் பழகியவர்கள் அவர்கள். தரம் இந்த மூன்றையும் நிமிர்த்தச் சொல்கிறது.

நாட்டுக்கு நாடு வழக்கமும் வேறு. பழைய பிரெஞ்சு அச்சு மரபில் சின்ன லத்தீன் எழுத்து மாறிகள் சாயும், பெரிய எழுத்து மாறிகள் நிமிரும். தொகையீட்டுக் குறியையே அமெரிக்கப் புத்தகங்களில் நன்றாகச் சாய்த்தும், ஜெர்மன் புத்தகங்களில் நிமிர்த்தியும் போடுவார்கள்.

சுருக்கமாக: தரம் என்பது எழுத்தின் நிலை பற்றிய உடன்பாடு. எந்த எழுத்துரு என்பது அதில் இல்லை.

## பழக்கம் எங்கிருந்து வந்தது

சாய்வெழுத்து 1500ஐ ஒட்டி வெனிஸில் ஆல்டஸ் மனூஷியஸ் என்ற பதிப்பாளருக்காக ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டியது. அப்போது அது முழுப் புத்தகத்தையும் அச்சடிக்கும் தனி எழுத்து. நேரெழுத்துக்குத் துணையாக நின்று ஒரு சொல்லை மட்டும் பிரித்துக் காட்டும் வேலை அதற்குப் பிற்பாடு வந்தது. கணிதத்துக்குள் அது நுழைந்ததற்கான தேவை எளிது. ஆங்கிலத்தில் ஏ என்பது தனிச் சொல், ஒரு என்று பொருள். வாக்கியத்தின் நடுவில் ஏ வந்தால் அது சொல்லா, மாறியா? சாய்த்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. தமிழ் வாக்கியத்துக்குள் லத்தீன் எழுத்து வந்தால் அதுவே தனியாகத் தெரிவதால், நமக்கு இந்தத் தேவை அவ்வளவாகப் புரிவதில்லை என்று நினைக்கிறேன்.

ஈய எழுத்துக் காலத்தில் சாய்வெழுத்து தனிப் பெட்டி, கிரேக்கம் இன்னொரு பெட்டி. அச்சுக்கோப்பவர் ஒரு சூத்திரத்துக்குப் பல பெட்டிகளைத் துழாவ வேண்டும். ஒளி அச்சு வந்தபின் வேலை எளிதானது, தரம் சரிந்தது. 1977இல் டொனால்ட் கனூத் என்ற கணினி அறிவியலாளர், தன் புத்தகத் தொடரின் இரண்டாம் தொகுதிக்கு வந்த அச்சு மாதிரியைப் பார்த்து மனம் வெறுத்துப்போனார். நானே செய்கிறேன் என்று உட்கார்ந்தார். அடுத்த ஆண்டு டெக் என்ற மென்பொருள் பிறந்தது. லேடெக் அதன்மேல் கட்டிய மாடி.

டெக்கில் கணிதப் பகுதிக்குள் எந்த லத்தீன் எழுத்தைத் தட்டினாலும் அது சாய்ந்துதான் வரும். கிரேக்கச் சின்ன எழுத்தும் சாயும், கிரேக்கப் பெரிய எழுத்து நிமிரும். அவர் கூடவே செய்த கம்ப்யூட்டர் மாடர்ன் எழுத்துருவில் நிமிர்ந்த கிரேக்கச் சின்ன எழுத்துகள் கிடையாது. அதாவது தரப்படி பையை நிமிர்த்த நினைத்தாலும் பெட்டியில் அந்த அச்சு இல்லை. இரண்டு தலைமுறை ஆராய்ச்சியாளர்கள் சாய்ந்த பையைப் பார்த்தே வளர்ந்தார்கள். இன்று நிமிர்ந்த பையைக் காட்டினால் இது ஏன் விறைத்து நிற்கிறது என்று கேட்கிறார்கள்.

## பாமினியும் மியூவும்

இனி உள்ளே இறங்குவோம். எழுத்து வேறு, எழுத்துரு வேறு. எழுத்து என்பது கணினி சேமித்து வைக்கும் ஓர் எண். எழுத்துரு என்பது அந்த எண்ணுக்கு எந்தப் படத்தைக் காட்டுவது என்ற பட்டியல். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பாமினியில் எம்மைத் தட்டினால் அ தெரியும். கணினிக்குள் இருப்பது எம்தான், படம் மட்டும் அ. அந்தக் கோப்பைப் பாமினி இல்லாத கணினியில் திறந்தால் அம்மா காணாமல் போய், எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஏதோ நிற்கும்.

கணிதத்திலும் இதே கூத்து நடந்தது. சிம்பல் என்ற பழைய எழுத்துருவில் எம்மைத் தட்டினால் மியூ என்ற கிரேக்க எழுத்து தெரியும். மியூ மைக்ரோவின் குறியீடு, பத்து லட்சத்தில் ஒன்று. எம் மில்லியின் குறியீடு, ஆயிரத்தில் ஒன்று. சிம்பல் எழுத்துருவில் அடித்த மைக்ரோகிராம், எழுத்துரு தொலைந்ததும் மில்லிகிராம் ஆகிவிடும். அம்மா காணாமல் போனால் உடனே தெரியும். இது தெரியாது. வரி ஒழுங்காகத்தான் இருக்கும், அளவு மட்டும் ஆயிரம் மடங்கு கூடியிருக்கும்.

இந்த மாதிரி வம்பு வேண்டாம் என்றுதான் யூனிகோடு வந்தது. உலகின் ஒவ்வொரு எழுத்துக்கும் தனி எண். அ-வுக்கு ஒன்று, எம்முக்கு வேறொன்று, மியூவுக்கு மற்றொன்று. ஆனால் சாய்ந்த எம்முக்கும் நிமிர்ந்த எம்முக்கும்? பொதுவாக யூனிகோடு இதற்கு மறுத்துவிடும். சாய்ப்பது, தடிப்பது எல்லாம் அலங்காரம், எழுத்து ஒன்றுதான் என்பது அதன் கொள்கை. கணிதத்துக்கு மட்டும் கொள்கையைத் தளர்த்த வேண்டியிருந்தது. அதற்கு யூனிகோடு தரப்பே காட்டும் உதாரணம் மின்காந்தவியலில் வருகிறது. அதில் மொத்த ஆற்றலைக் குறிக்கும் ஹாமில்டோனியன் வளைவு நெளிவான எச். காந்தப்புலம் சாதாரண எச். இரண்டும் ஒரே சமன்பாட்டின் இரு பக்கமும் வருகின்றன. நடையை உதறிவிட்டு வெறும் எழுத்தை வைத்தால், இரண்டு எச்சும் ஒன்றாகி, அது முற்றிலும் வேறொரு சமன்பாடு ஆகிவிடுகிறது.

எனவே 2001இல் கணித எழுத்துகளுக்கென்றே 1,024 இடங்கள் கொண்ட ஒரு தொகுதியை ஒதுக்கினார்கள். சாய்ந்தவை, தடித்தவை, தடித்துச் சாய்ந்தவை, முனைக்கோடு இல்லாதவை என்று வரிசையாக. அதில் சாய்ந்த சின்ன எழுத்து வரிசையில் எச் இருக்க வேண்டிய இடம் காலி. பிளாங்க் மாறிலி என்ற பெயரில் சாய்ந்த எச் ஏற்கெனவே வேறோர் இடத்தில் குடியேறியிருந்தது. ஒரே ஆளுக்கு இரண்டு ரேஷன் அட்டை கொடுக்க மாட்டோம் என்று விட்டுவிட்டார்கள்.

சமூக ஊடகங்களில் ஆங்கிலப் பெயரை வளைத்து நெளித்து எழுதியிருக்கிறார்களே, அவை பெரும்பாலும் இந்தத் தொகுதியிலிருந்து திருடியவைதான். திரையைப் படித்துக்காட்டும் மென்பொருளை நம்பியிருக்கும் பார்வையற்றவர்களுக்கு அது பெயராகக் கேட்காது. கணிதத் தடித்த சாய்ந்த பெரிய எழுத்து என்று ஒவ்வொன்றாகக் கேட்கலாம், அல்லது எதுவுமே கேட்காமல் போகலாம்.

திரும்பிப் பார்த்தால்: யூனிகோடுக்குப் பின் சாய்ந்த எம் வெறும் தோற்றம் இல்லை, தனி எழுத்து. எழுத்துரு மாறினாலும் அது சாய்ந்த எம்மாகவே இருக்கும்.

## கணித எழுத்துருவின் வயிற்றுக்குள்

அப்படியானால் கணித எழுத்துரு என்று தனியாக எதற்கு? சூத்திரம் வரியாக ஓடுவதில்லை, மேலும் கீழும் கட்டடமாக எழும்புகிறது. பின்னத்தின் கோடு எந்த உயரத்தில் ஓட வேண்டும்? கூட்டல் குறியின் நடுக்கோட்டுக்கு நேராக. அடுக்கு எவ்வளவு ஏற வேண்டும், கீழ்க்குறி எவ்வளவு இறங்க வேண்டும், எவ்வளவு சிறுக்க வேண்டும்? சாய்ந்த எஃப் தென்னை மாதிரி அடுத்த வீட்டுச் சுவர்மேல் தலையை நீட்டும். பக்கத்தில் நிமிர்ந்த அடைப்புக்குறி வந்தால் இடித்துக்கொள்ளும், கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். எண்களை வரிசையாக அடுக்கிய பெரிய அணிக்கு அடைப்புக்குறியை அப்படியே இழுத்தால் தடித்து அசிங்கமாகும். பிளம்பர் வளைவுத் துண்டையும் நேர்க்குழாயையும் இணைப்பது போல, மேல் துண்டு, கீழ்த் துண்டு, நடுவில் வேண்டிய அளவு நேர்த்துண்டு என்று ஒட்ட வேண்டும்.

இந்த அளவுகளையும் துண்டுகளையும் எழுத்துருக் கோப்புக்குள்ளேயே ஓர் அட்டவணையாக வைத்துவிட்டால், எந்த மென்பொருளும் அதைப் படித்து ஒழுங்காகக் கட்டலாம். மைக்ரோசாஃப்ட் வேர்டு 2007ஓடு வந்த கேம்பிரியா மேத் அப்படிப் பிறந்தது. அறிவியல் பதிப்பகங்களும் சங்கங்களும் சேர்ந்து உருவாக்கிய ஸ்டிக்ஸ் எழுத்துரு 2010இல் இலவசமாகவே வெளிவந்தது. கம்ப்யூட்டர் மாடர்னின் சாயலில் லத்தீன் மாடர்ன் மேத் இருக்கிறது. இவற்றில் நிமிர்ந்த பையும் உண்டு, சாய்ந்த பையும் உண்டு. பெட்டியில் அச்சு இல்லை என்ற சாக்கு இனிமேல் செல்லாது.

இவ்வளவு இருந்தும் ஒன்றை மட்டும் எந்த மென்பொருளாலும் செய்ய முடியாது. லேடெக்கில் யூனிகோடு மேத் என்ற தொகுப்புக்கு, கணித நடை ஐஎஸ்ஓ என்று ஒரே வார்த்தையில் கட்டளை கொடுக்கலாம். கிரேக்கப் பெரிய எழுத்து உட்பட மாறிகளையெல்லாம் அது ஒழுங்காகச் சாய்த்துவிடும். ஆனால் நீங்கள் தட்டிய இ ஆய்லர் எண்ணா, மின்னூட்டமா என்று அதற்கு எப்படித் தெரியும்? வேர்டின் சமன்பாட்டுப் பெட்டியும் எம்மைத் தட்டினால் சாய்த்துவிடும், மீட்டர் என்றால் அதைச் சாதாரண எழுத்து என்று நாம் குறித்தாக வேண்டும். இணையப் பக்கங்களில் கணிதம் எழுதும் மேத்எம்எல் மொழியிலும் அப்படியே: ஓரெழுத்துப் பெயர் தானாகச் சாயும், பல எழுத்துப் பெயர் தானாக நிமிரும். ஊகம் பெரும்பாலும் பலிக்கிறது. பலிக்காத இடங்கள் பை, இ, ஐ, வகையீட்டுக் குறி, ஓரெழுத்து அலகுகள். அர்த்தம் தெரிந்தவர் எழுதுபவர் ஒருவர்தான், அவர்தான் சொல்ல வேண்டும்.

லேடெக்கில் அலகுகளுக்கு எஸ்ஐயூனிட்எக்ஸ் என்ற தொகுப்பு இருக்கிறது. எண்ணையும் அலகையும் கொடுத்தால் போதும். அலகை நிமிர்த்தி, மைக்ரோவின் மியூவையும் நிமிர்த்தி, எண்ணுக்கும் அலகுக்கும் நடுவில் தரம் கேட்கிற இடைவெளியையும் விட்டு, வரி முடிவில் இரண்டும் பிரிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும். கையால் செய்கிறவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது அந்த இடைவெளியில்தான்.

## நம் வகுப்பறையில் வந்த மீ

தமிழ்வழியில் இயற்பியல் படித்தவர்களுக்கு இந்தக் கட்டுரையின் முதல் குழப்பமே அந்நியமாக இருந்திருக்கலாம். நம் புத்தகத்தில் நிறைக்கு லத்தீன் எம், மீட்டருக்கு மீ. புவியீர்ப்பு முடுக்கம் 9.8 மீவி⁻². எழுத்து முறையே வேறு என்பதால் சாய்வுக்கு வேலையே இல்லாமல் போனது. கரும்பலகையில் ஆசிரியர் சாய்த்து எழுதினாரா, நேராக எழுதினாரா என்று யாரும் பார்க்க வேண்டியதில்லை. சாய்வால் சாதிப்பதைவிட இது உறுதியான பிரிவு என்பது என் எண்ணம்.

சர்வதேச விதி இதை ஏற்காது. அலகின் பெயரை எந்த மொழியிலும் சொல்லிக்கொள், குறியீட்டை மட்டும் மாற்றாதே என்கிறது அது. அலகுக் குறியீடு சுருக்கெழுத்து இல்லை, கணிதப் பொருள். அதனால்தான் அதன்பின் புள்ளி வைக்கக் கூடாது, பன்மை ஆக்கவும் கூடாது. நாம் கி.மீ. என்று புள்ளி வைத்து எழுதுவது சுருக்கெழுத்து. ரஷ்யர்கள் சிரிலிக் எழுத்தில் அலகுகளை எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தமிழுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வெனிஸில் கிரிஃபோ வெட்டியது போலத் தனியாக வரைந்த சாய்வெழுத்து மரபு நமக்கு இல்லை. கணினி செய்வதெல்லாம் நிமிர்ந்த தமிழைப் பிடித்து ஒரு பக்கம் தள்ளிவிடுவதுதான். அன்று நான் கண்ட்ரோலும் ஐயும் அமுக்கிய கையேட்டில் மீயும் இருந்தது. அதுவும் சேர்ந்து சாய்ந்து, அதன் மேல்சுழி போய் அடுத்த அடைப்புக்குறியில் மோதி நின்றது. அதைப் பார்த்துத்தான் மற்ற எழுத்துகளையே திரும்பிப் பார்த்தேன்.